முள்ளும் புள்ளியும்

ஆகஸ்ட் 29, செவ்வாய்

மளிகைக் கடைக் காகிதப் பையைக் கத்தரித்து உயிரியல் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சீருடையோடு உள்ளே வந்து, சாப்பாட்டு மேசையில் என் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்தாள். புதுத் துப்பாக்கி. மாவட்டக் காவலில் அம்மாவைப் போன்ற எல்லாத் துணை ஷெரீப்புகளுக்கும் மாற்றிவிட்டார்களாம்.

பழையதில் முனையில் ஒரு சின்ன இரும்பு முள், பின்னால் ஒரு பள்ளம். முள் பள்ளத்துக்கு நடுவே நின்றால் குறி சரி. அம்மா பத்தொன்பது வருடமாக அந்த முள்ளோடுதான் ரோந்து போகிறாள். புதியதில் மேலே தபால்தலை அளவுக்கு ஒரு கண்ணாடி. அதற்குள் சிவப்பாக ஒரு புள்ளி எரியும். புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கே குண்டு போகும். இரும்பு எதையும் வரிசைப்படுத்த வேண்டியதில்லை.

"வெர்ன் என்ன சொன்னான் தெரியுமா?" என்றாள். வெர்ன் அம்மாவோடு வேலை பார்ப்பவர், ஐம்பத்தெட்டு வயது, வாயை மூட மாட்டார். "'கண்ணுக்கு வயசாயிடுச்சுன்னு மரியாதையா சொல்லாம, கையில விளையாட்டு பொம்மையக் குடுத்திருக்காரு ஷெரீப்'ங்கறான்."

அம்மா சிரித்தாள். ஆனால் பெட்டியை மூடும்போது சிரிப்பு இல்லை. அடுத்த மாதம் பதினாறாம் தேதி சுடும் தேர்வு. தேறாதவர்கள் ரோந்துக்குப் போக முடியாது.

செப்டம்பர் 2, சனி

எங்கள் வீட்டு வழக்கத்தை இங்கே எழுதி வைக்கிறேன். இதைச் சொன்னால் என் தோழி ஜோலீன் வீட்டில் சிரிக்கிறார்கள். கீழ்த்தளத்தில் அம்மா வெறுந்துப்பாக்கியால் பழகுவதற்கு முன், குண்டுகள் எல்லாம் மாடிக்குப் போய்விடும். பிறகு அம்மா துப்பாக்கியைத் திறந்து பார்த்து "காலி" என்பாள். அதோடு முடியாது. இரண்டாவது ஆள் ஒருவர் சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, அவரும் "காலி" என்று சொல்ல வேண்டும். எனக்குப் பத்து வயதானதிலிருந்து அந்த இரண்டாவது ஆள் நான்தான். அப்பா செய்தால் விரல் மாட்டிக்கொள்ளும்.

இன்று சிமென்ட் சுவரில் ஒரு தபால்தலையை ஒட்டினேன். அம்மா துப்பாக்கியைத் தூக்கினாள். இறக்கினாள். மறுபடி தூக்கினாள்.

"இது கெட்டுப் போயிருக்குடி."

"என்னம்மா?"

"புள்ளியாம் புள்ளி. வால் முளைச்ச தவளக்குஞ்சு மாதிரி இருக்கு."

நான் பார்த்தேன். எனக்கு உருண்டையாகத்தான் தெரிந்தது. கோடையில் நூலகத்திலிருந்து எடுத்த, கண்ணைப் பற்றிய புத்தகம் ஞாபகம் வந்தது. என் கைப்பேசியால் கண்ணாடி வழியாகப் படம் எடுத்தேன். படத்தில் புள்ளி சுத்தமான வட்டம்.

"பாருங்கம்மா, கருவிக்கு ஒண்ணுமில்ல. அப்போ உங்க கண்ணு—"

"மேல போ."

"நான் சொல்ல வந்தது—"

"லிபி. போனை எடுத்துக்கிட்டு மேல போ."

எனக்கு ஏன் எல்லாவற்றையும் நிரூபித்தே ஆக வேண்டும்? படத்தைக் காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் படம் உண்மையாயிற்றே.

செப்டம்பர் 8, வெள்ளி

பள்ளி அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் 6–41 என்று தோற்றோம். அம்மா வாசலில் காவல். அவள் தூரத்துப் பலகையில் எண்களைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறாள்.

செப்டம்பர் 16, சனி

தேறவில்லை.

அப்பாதான் சொன்னார். அம்மா வந்ததும் நேராகக் குளியலறைக்குப் போய்விட்டாள், தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா வாணலியில் பாலாடைக்கட்டி வைத்து ரொட்டி சுட்டார், ஒரு பக்கம் கருகியது. அவர் தானிய லாரி ஓட்டுகிறவர். கவலை வந்தால் எதையாவது சூடாக்குவார்.

"முதல் பகுதியிலயே நேரம் ஓடிப்போச்சாம். கடைசியில ஆள் அளவு படம் வெச்சு, சுடலாமா கூடாதான்னு பாக்கிற பகுதி ஒண்ணு இருக்காம், அது வரைக்கும் போகவே இல்ல."

"திரும்ப எழுத முடியாதாப்பா?"

"எழுதறதா? உன் ஸ்கூல் பரீட்சையா அது? அடுத்த மாசம் இருபத்தொண்ணு. அதுலயும் இல்லன்னா நீதிமன்றக் கட்டடத்துல அவசர போன் எடுக்கிற அறை. நிரந்தரமா."

போன் அறைக்கு சன்னல் கிடையாது. அம்மா காரில்கூடச் சன்னலைத் திறந்து வைத்துத்தான் ஓட்டுவாள், ஜனவரியிலும்.

வெர்ன் தேறிவிட்டார். வெர்ன்!

செப்டம்பர் 18, திங்கள்

பள்ளி முடிந்து வெளியே வந்தால் அம்மாவின் வண்டி நிற்கிறது. "ஏறு" என்றாள். போன இடம் கண் மருத்துவர்.

உள்ளே நான் வர வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். "வா, உனக்குத்தான் இதெல்லாம் புரியுமே" என்றாள். கோபமா கிண்டலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

கருவிழி பந்து மாதிரி இல்லாமல் முட்டை மாதிரி இருக்கிறதாம். அதனால்தான் புள்ளிக்கு வால். மூக்குக்கண்ணாடி போட்டால் போய்விடும். மருத்துவர் இன்னொன்றும் கேட்டார்: "கை நீட்டுற தூரத்துல இருக்கிறது மங்கலா தெரியுமே, எவ்வளவு நாளா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷம் இருக்கும்."

கை நீட்டும் தூரம் என்றால் அந்த முள் இருக்கும் தூரம். திரும்பி வரும்போது கேட்டேன். "அப்போ போன வருஷத் தேர்வுல எப்படிம்மா சுட்டீங்க? முள்ளே தெரியலேன்னா?"

"கைக்குத் தெரியும்."

"ஆனா—"

"கைக்குத் தெரியும்னேன்ல. தானா வந்து நிக்கும். கண்ணு சும்மா கூட வரும்."

இரண்டு பக்கமும் சோளம் மஞ்சளாகி நின்றது. அம்மாவிடம் இனி எதையும் நிரூபிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். மூக்குக்கண்ணாடிக்குச் சொல்லி வைக்க அவளேதான் வண்டியைத் திருப்பினாள். நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு

மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது. புள்ளி உருண்டை. ஆனால் பிரச்சினை தீரவில்லை!

அம்மா துப்பாக்கியைத் தூக்கியதும் புள்ளி துப்பாக்கிக் கண்ணாடிக்குள் இருப்பதே இல்லை. துழாவுகிறாள். மேலே, கீழே, இடது பக்கம்; கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுவது மாதிரி. கிடைக்கும்போது நேரம் போயிருக்கும். கிடைத்த பிறகும் புள்ளி நடுங்குகிறது என்று திட்டுகிறாள். நடுக்கம் எப்போதும் இருந்ததுதான். முள் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவின் முகத்தைக் கவனித்தேன். துப்பாக்கி மேலே வரும்போதே அவள் கண்கள் தபால்தலையை விட்டுவிட்டுத் துப்பாக்கிக்கு வந்துவிடுகின்றன. முள்ளைத் தேடி. முள்தான் இல்லையே. பத்தொன்பது வருடப் பழக்கம், வீடு மாறிய பிறகும் பழைய வீட்டுக்கே போய் நிற்கும் பூனை மாதிரி.

இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மேலே வந்தேன். அம்மாவும் வந்தாள். கதவருகே என் காலணிகள். அம்மா அப்பாவோடு பேசிக்கொண்டே, கண்ணை மட்டும் அந்தப் பக்கம் திருப்பி, ஒரு விரலை நீட்டினாள். விரல் நேராக என் இடது காலணியின் மேல் நின்றது.

"அம்மா!"

"எடுத்து வைடீ."

"இல்லம்மா, இப்போ உங்க விரலைப் பாத்தீங்களா?"

"விரல எதுக்குப் பாக்கணும்? உன் அழுக்குச் செருப்பத்தான் பாத்தேன்."

"அதேதாம்மா! நீங்க விரலப் பாக்கறதே இல்ல. ஆனா விரல் தப்பறதே இல்ல."

அப்பா ரொட்டியை வாயில் வைத்தபடியே, "பதினாறு வருஷமா அந்த விரல்கிட்ட குண்டடி படறேன், எனக்குத் தெரியாதா" என்றார்.

அம்மா தன் விரலைப் பார்த்தாள். பிறகு என்னை. "செருப்ப எடுத்து வை" என்றாள். ஆனால் உடனே மறுபடியும் கீழே போனாள். "வா, வந்து விரல உள்ள விட்டுப் பாரு" என்று படியிலிருந்து குரல் வந்தது.

செப்டம்பர் 30, சனி

இன்று நடந்ததை மெதுவாக எழுத வேண்டும், அவ்வளவு அழகு.

துப்பாக்கிக் கண்ணாடியின் முன்பக்கத்தில், அதாவது சுவரைப் பார்க்கும் பக்கத்தில், கறுப்பு ஒட்டுநாடாவை ஒட்டச் சொன்னேன். அதன் வழியாக எதுவும் தெரியாது. புள்ளி மட்டும் தெரியும்.

"கண்ணாடிய மறைச்சுட்டு எதப் பாக்கறதுடி? உனக்குப் படிச்சுப் படிச்சு மண்டை கொழம்பிப் போச்சு."

"ரெண்டு கண்ணையும் தெறந்து தபால்தலைய மட்டும் பாருங்க. வேற எதையும் பாக்காதீங்க."

தூக்கினாள். அப்படியே நின்றாள்.

"லிபி."

"ம்?"

"புள்ளி தபால்தலை மேல இருக்கு."

வலது கண் புள்ளியைப் பார்க்கிறது, இடது கண் சுவரைப் பார்க்கிறது, மூளை இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. புத்தகத்தில் இதற்கு ஒரு முழுப் பக்கம் படம் இருக்கிறது. ஆனால் நான் விளக்கவில்லை (சாதனை!). நானும் நாடா ஒட்டிய வெறுந்துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தேன். மூடிய கண்ணாடிக்கு அப்பால், சுவரில், புள்ளி மிதந்தது.

நாம் பார்க்கிற ஒவ்வொன்றையும் இப்படித்தான் பார்க்கிறோமா, பாதியை ஒரு கண்ணிலிருந்தும் பாதியை இன்னொன்றிலிருந்தும்?

அம்மா சாப்பாடு வரை துழாவவே இல்லை. தூக்கினால் புள்ளி அங்கே இருக்கிறது. தேவாலயத்திலிருந்து வந்த ஆப்ரிகாட் பழம் வைத்த கோலாச் இனிப்பு ரொட்டியில் கடைசித் துண்டை எனக்கே கொடுத்தாள்.

அக்டோபர் 7, சனி

நான் ஒரு முட்டாள். எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

தேர்வின் கடைசிப் பகுதியில் ஆள் அளவுப் படங்கள் வரும் என்று அப்பா சொன்னாரில்லையா. தபால்தலை போதாது, முகம் வேண்டும் என்று நினைத்தேன். விதைக் கம்பெனி நாட்காட்டியில் அக்டோபர் மாதத்துக்கு ஒரு விவசாயி படம். தொழுவத்துக் கதவில் நின்று, கையில் குவளையோடு சிரிக்கிறார். கிழித்து ஒட்டினேன். ஆச்சரியப்படுத்தலாம் என்று சொல்லாமலே!

காலி. காலி. அம்மா திரும்பினாள், கை பாதி உயர்ந்தது.

அவள் முகம் சுவர் நிறத்துக்குப் போனது. துப்பாக்கியைக் கீழே மேசையில் வைத்துவிட்டு அதிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்றாள். அது தொட்டால் சுடுகிற மாதிரி.

"யாரு இத ஒட்டினது?"

"நான்தாம்மா, தேர்வுல—"

"எடு. இப்பவே எடு."

எடுத்தேன். ஒட்டுநாடா அவர் முகத்தின் பாதியைச் சுவரிலேயே விட்டுவிட்டது. அதையும் நகத்தால் சுரண்டினேன். அம்மா அதற்குள் மேலே போய்விட்டாள்.

என்ன செய்தேன்? என்னதான் செய்துவிட்டேன்?

அக்டோபர் 8, ஞாயிறு

தேவாலயத்திலிருந்து திரும்பும்போது அப்பா சபைக் கூட்டத்துக்கு நின்றுவிட்டார். வண்டியில் நானும் அம்மாவும்தான். சரளைச் சாலையில் அறுவடை இயந்திரம் ஒன்று முன்னால் ஊர்ந்தது. அம்மா முந்தவில்லை. அதன் பின்னாலேயே போய்க்கொண்டு, வண்டியின் முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"லைல் தெரியும்ல. ஆத்துக்கு அந்தப் பக்கம், மாட்டுப் பண்ணை."

தெரியும். கடையில் எல்லோருக்கும் கையசைப்பார்.

"ஆறு வருஷம் முன்னாடி அவன் பொண்டாட்டி போன் பண்ணா. குடிச்சிருக்கான், துப்பாக்கிய எடுத்துக்கிட்டு தொழுவத்துப் பக்கம் போயிட்டான்னு. நான்தான் பக்கத்துல இருந்தேன். போய் எறங்கறேன், தொழுவத்துக் கதவத் தெறந்துக்கிட்டு வரான். கைய தூக்கிட்டு. கையில என்னமோ இருக்கு."

அம்மா வண்டியின் வேகத்தை இன்னும் குறைத்தாள்.

"எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது அப்படித்தான்டி. முள்ளப் பாரு, முள்ள மட்டும் பாரு, ஆளு மங்கலாத் தெரிஞ்சா போதும். பாத்தேன். முள்ளு மேல இருந்த கீறல் ஒண்ணு ஒண்ணும் தெரிஞ்சுது. லைல் மெழுகு உருகின மாதிரி நின்னான். கையில இருக்கிறது என்னன்னு தெரியல. சத்தியமா தெரியல."

"நீங்க சுடல."

"சுடல. அது கன்னுக்குட்டிக்குப் பால் குடுக்கிற பாட்டிலு. துப்பாக்கி வீட்டுலயேதான் இருந்துருக்கு. எல்லாரும் தோள்ல தட்டுனாங்க, 'மார்லீன், என்ன நிதானம்'னு. நிதானமா? நான் எதையும் பாத்து முடிவு பண்ணல லிபி. விரல் நகரல, அவ்வளவுதான். அதிர்ஷ்டம். அவனுக்கா எனக்கான்னு தெரியல."

இயந்திரம் வயலுக்குள் திரும்பியது. சாலை காலியாகிவிட்டது. ஆனாலும் அம்மா வேகமாகப் போகவில்லை.

"அப்புறம் முள்ளு மங்கலாச்சுல்ல, எனக்கு அது ஒரு விதத்துல… நிம்மதியா இருந்துச்சு. எதுவுமே தெளிவாத் தெரிய வேணாம்னு. இப்போ இந்தப் புள்ளி ஆள நேரா பாருங்குது."

என் புத்தகங்கள் எதிலும் இது இல்லை. "படத்த ஒட்டினதுக்கு மன்னிச்சுக்கங்கம்மா" என்றேன். அம்மா கியர் மேல் இருந்த கையை எடுத்து என் முழங்கால் மேல் வைத்தாள்.

அக்டோபர் 10, செவ்வாய்

அம்மா கீழ்த்தளத்துக்குப் போகவில்லை. நேற்றும் போகவில்லை.

அக்டோபர் 12, வியாழன்

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அம்மா போன் அறைக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்துவிட்டாளோ? அப்பாவிடம் கேட்டேன். "அவகிட்ட கேளு" என்றார். கேட்டேன்.

அம்மா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "பாக்க முடியாதவ ரோட்டுல இருக்கக் கூடாது. அது சரிதானே?"

"பாக்க முடியாதவங்க இருக்கக் கூடாது. பாக்கப் பயப்படறவங்க?"

"பெரிய மனுஷி."

"கேள்விதாம்மா கேட்டேன்."

தட்டை அலமாரியில் வைத்தாள். இன்னொரு தட்டையும் வைத்தாள். "முகம் வேணாம்" என்றாள். "கை. எனக்குக் கை தெரியணும். கையில என்ன இருக்குன்னு தெரியணும். அதுக்கு ஏதாவது பண்ணு."

அக்டோபர் 14, சனி

வரைந்தேன்! கைகள், நிறையக் கைகள். சுத்தியல் பிடித்த கை, கைப்பேசி பிடித்த கை, டார்ச், பால் பாட்டில் (யோசித்து யோசித்துக் கடைசியில் சேர்த்தேன்), துப்பாக்கி. அம்மா முதுகைக் காட்டி நிற்பாள், நான் சுவரில் ஒன்றை மாட்டிவிட்டுப் பின்னால் படிக்கட்டுக்கு ஓடுவேன். அவள் திரும்பியதும் முதலில் கையில் இருப்பதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மற்றது. துப்பாக்கிப் படமாக இருந்தால் மட்டும் தூக்கலாம். இது அம்மா வைத்த விதி.

"சுத்தியல்." கை இறங்கியே இருந்தது.

"துப்பாக்கி." தூக்கினாள். புள்ளி சுவரில் சரியாக நின்றதாம்.

"இது என்னடி? கரண்டியா?"

"டார்ச்சும்மா."

"இத டார்ச்சுன்னு எந்த நீதிபதியும் ஒத்துக்க மாட்டான். நல்லா வரைஞ்சு எடுத்துட்டு வா."

பால் பாட்டில் வந்தபோது அம்மா கொஞ்சம் தாமதித்தாள். "பாட்டில்" என்றாள், தேவாலயத்தில் பதில் சொல்லும் குரலில். அடுத்ததை மாட்டச் சொன்னாள்.

ஒன்று கவனித்தேன். கையைப் பார்க்கும்போது புள்ளியைப் பற்றி அவள் பேசுவதே இல்லை. நடுங்குகிறது, தேடுகிறேன், ஒன்றும் இல்லை. புள்ளி தன் பாட்டுக்கு வந்து நிற்கிறது போல.

அக்டோபர் 21, சனி

தேறிவிட்டாள்!!

முதல் மதிப்பெண் எல்லாம் இல்லை. நடுவில் எங்கேயோ. மாலையில் வெர்ன் வந்தார், சமையலறை நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். போன மாதம் கடைசிப் பகுதியில் பாதி மதிப்பெண்தான் என்று அதை மட்டும் இன்று அவரைத் திரும்பச் செய்யச் சொன்னார்களாம்.

"உங்க அம்மாவுக்கு என்ன ஆச்சு லிபி? ஒவ்வொரு படத்துக்கும் ஏதோ சொல்லிக்கிட்டே நிக்கிறா. 'சாவி. போன். துப்பாக்கி.' கடை லிஸ்ட் படிக்கிற மாதிரி."

"யோவ் வெர்ன், நீ என்ன பண்ணேன்னு சொல்லு," என்றாள் அம்மா.

வெர்ன் தொப்பியைச் சரிசெய்தார். "போன் வெச்சிருந்தவன சுட்டுட்டேன்."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "எந்தக் கம்பெனி போன்?"

"சிரிங்க சிரிங்க. காகிதம்தானே."

எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வெர்னுக்குக் காபி ஊற்றிக் கொடுத்து, "நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வா" என்றாள். "லிபிகிட்ட கொஞ்சம் படம் இருக்கு. கேவலமா வரைஞ்சிருப்பா, ஆனா உதவும்."

வெர்ன் ஏதோ கிண்டல் சொல்ல வாயைத் திறந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எத்தன மணிக்கு?" என்றார்.

நவம்பர் 17, வெள்ளி

இருட்டில் யாரோ நடமாடுவதாக ஒரு அழைப்பு; அம்மா வேலையிலிருந்து தாமதமாக வந்தாள். கோட்டைக் கழற்றும்போது என்னைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னாள்: "டார்ச்." நான் தலையசைத்தேன். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

டிசம்பர் 9, சனி

முதல் நல்ல பனி. கிறிஸ்துமஸ் ரொட்டிக்குக் கசகசா வாங்க அம்மாவோடு மளிகைக் கடைக்குப் போனேன். மாவு வரிசையில் லைல் நின்றிருந்தார். வழக்கம்போலக் கையசைத்தார்.

வழக்கமாக அம்மாவும் பதிலுக்குக் கையசைத்துவிட்டு, தள்ளுவண்டியில் இருக்கும் எதையாவது எடுத்துப் பின்பக்க எழுத்துகளைப் படிப்பாள். இத்தனை வருடமும் அதைப் பார்த்திருக்கிறேன், ஏன் என்று தெரியாமல்.

இன்று அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக அவரிடம் போனாள்.

"கன்னுக்குட்டிங்கல்லாம் எப்படி இருக்கு லைல்?"

"அடேங்கப்பா, மார்லீன்! குளிருதுன்னு எல்லாம் வீட்டுக்குள்ள வரணுங்குது. ஒண்ணு நேத்து சமையக்கட்டு வரைக்கும் வந்துடுச்சு. எம் பொண்டாட்டி துடைப்பத்த எடுத்து அதையும் அடிச்சா, என்னையும் அடிச்சா."

ரொம்ப நேரம் பேசினார்கள். குளிர், தீவன விலை, அவர் மருமகனின் மொண்டித்தனம். நான் சர்க்கரை மூட்டை மேல் சாய்ந்து நின்றேன். அம்மா ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லை.

திரும்பும்போது சன்னல் பாதி திறந்திருந்தது, பனி உள்ளே வந்து என் மடியில் உருகியது. அம்மா வைப்பரை வேகமாக்கினாள்.

"லைலுக்கு இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கு. பெரிசா. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா," என்றேன். "எல்லாருக்கும் தெரியும்."